பாடகர் ‘மானிட்டர் கூட்டுங்க’ என்கிறார், கூட்டினால் மைக் ஊளையிடுகிறதே!

கேள்வி: வடபழனியில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை செய்கிறேன். இதுவரை கல்யாண ரிசப்ஷன், மெல்லிசைதான். இந்த மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபா கிடைத்தது. பாடகர் மானிட்டரை, அதாவது அவர் கேட்பதற்காக மேடையில் வைத்த ஸ்பீக்கரை, கூட்டச் சொல்கிறார், கூட்டினால் ஊளையிடுகிறது. ஈக்வலைசரில் பாதியை இறக்கியும் நிற்கவில்லை. குரல்தான் டப்பாவுக்குள் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பாதி ஈக்வலைசரை இறக்கியும் ஊளை நிற்கவில்லையென்றால் கோளாறு மிக்ஸரில் இல்லை, மேடையில் இருக்கிறது: மானிட்டரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுகிறது. எழுந்து மேடைக்குப் போங்கள்.

முதலில் பாடகரின் மைக் என்ன வகை என்று பாருங்கள். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக், நேர் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். உட்கார்ந்து பாடுபவருக்கு மைக்கின் வால் முன்னால் கீழ்நோக்கி இருக்கும். அதனால் நேர் எதிரே தரையில் மானிட்டர் வைத்தால் சரி. இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் அப்படியில்லை. நேர் பின்னாலும் அதற்குக் கொஞ்சம் காது உண்டு. அது செவிடாவது முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில். மானிட்டரைப் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். இதைக் கவனிக்காமல் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம். மெயின் ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் நிற்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். மைக் ஒரு அடியில் இருந்து அரை அடிக்கு வந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், கெயினைத் தொடாமலே. ‘அண்ணா, மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட வைக்கட்டுமா?’ என்று கச்சேரிக்கு முன்பே கேளுங்கள். வர்ணம் ஆரம்பித்த பிறகு ஸ்டாண்டைத் தொட்டால் முறைப்பார்கள், நியாயம்தான்.

இனி முக்கியமான விஷயம். ‘கூட்டுங்க’ என்று அவர் கை காட்டினால் எதைக் கூட்டச் சொல்கிறார்? பெரும்பாலும் அவர் குரலை இல்லை. பக்கத்தில் மிருதங்கம் நேராகவே காதை அடைக்கிறது, அதில் சுருதி கேட்கவில்லை. நீங்கள் மெல்லிசைப் பழக்கத்தில் மானிட்டரிலும் மிருதங்கத்தை ஏற்றியிருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள். சின்ன ஹாலில் தொப்பியின் (மிருதங்கத்தின் இடது பக்கம்) சத்தத்துக்கு மானிட்டர் தேவையே இல்லை. அப்புறம் சுருதிப் பெட்டிக்கு மைக் வைக்காமல் அதன் லைன் அவுட்டிலிருந்து வயர் மூலம் நேராக மிக்ஸருக்கு எடுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் ஊளைக்கு முன் கிடைக்கும் அளவில் சுமார் 3 டெசிபல் போய்விடும். ஒவ்வொரு மைக்கும் செலவுதான்.

இத்தனையும் செய்த பிறகுதான் ஈக்வலைசர். ஹால் காலியாக இருக்கும்போது மானிட்டரை மெதுவாக ஏற்றி, கூவும் அலைவரிசையைப் பிடித்து, குறுகலாக 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திவிட்டு, மானிட்டரை ஒரு 3 டெசிபல் இறக்கி வையுங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) 98 ஹெர்ட்ஸ். 80க்கு மேல் போகாதீர்கள். ஐந்து கட்டைப் பெண் குரலுக்கு அதே பஞ்சமம் 147. அங்கே 120 வரை தாராளமாக வெட்டலாம்.

நடுவில் சபா செயலாளர் மாமா வந்து ‘பின்வரிசைக்குக் கேக்கலை’ என்பார். தலையாட்டிவிட்டு, பின்வரிசைக்கு நடந்து போய் நீங்களே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. குரலுக்குக் கம்ப்ரஸர், அதாவது சத்தம் ஏறினால் தானாக அமுக்கும் கருவி, போட்டிருக்கிறீர்களா? ரிசப்ஷனில் அது கைகொடுக்கும். ஆலாபனையில் அவர் குரலைத் தணிக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் கம்ப்ரஸர் பிடியை விட, கெயின் ஏறி, ஊளை அங்கே புகும். இடைவெளிகளில் மட்டும் ஊளை வருகிறதென்றால் மற்றதையெல்லாம் விட்டு முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.