பதினாறு வயதில் வயல் வேலை பார்த்தது உங்களை எப்படி மாற்றியது?

எனக்குப் பதினாறு வயது நடந்தது 2016-ல். காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணையில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, வழியில் எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சம் எங்கள் வாய்க்காலுக்கு வரும். ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர். ஆகவே ஆறு, இல்லாவிட்டால் மழை. மூன்றாவது வழி கிடையாது. எங்களுக்கு மூன்று ஏக்கர், ஊர்க் கணக்கில் ஒன்பது மா. அதில் மூன்று மா கோயில் குத்தகை.

அந்த ஆகஸ்டில் அப்பா பைக்கோடு சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். நான்கு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அம்மாவுக்கு மாடுகளையும் அப்பாவையும் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது. நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். நிலம் என் கைக்கு வந்தது அப்படித்தான்.

வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூரை அந்த வருஷம் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். முதல் போகமான குறுவைப் பேச்சே இல்லை. அடுத்த போகமான சம்பாவுக்கும் நாற்று விட்டு நட நேரமில்லாததால் நேரடி விதைப்பு. நாங்கள் எப்போதும் போடுவது சி.ஆர். 1009 என்ற நெல் ரகம், அது விளைய 155 நாளைத் தாண்டும். அப்பா அதைத் தொட வேண்டாம் என்று சொல்லி, 135 நாள் ரகமாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார். புழுதியில் விதைத்தோம். இரண்டு மழை பெய்து முளைத்தும் விட்டது.

அக்டோபர் கடைசியில் வாய்க்காலில் ஒரு முறை தண்ணீர் வந்தது. அந்த இரண்டு இரவுகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. மடையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் வயலுக்குள் நிற்கவே இல்லை. காரணம் நண்டு வளை. மேலே பார்த்தால் வரப்பு நன்றாகத்தான் இருக்கும். அடியில் விரல் நுழைகிற ஓட்டை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். டார்ச் அடித்துத் தேடினால் கிடைக்காது. விளக்கை அணைத்துவிட்டு, வரப்பில் குந்தி, காதைக் கொடுக்க வேண்டும். களகளவென்று மெதுவாக ஒரு சத்தம் கேட்கும். அங்கே காலால் மிதித்துப் பார்த்து, வைக்கோலைப் பிரி மாதிரி முறுக்கித் திணித்து, மேலே களிமண்ணை அப்ப வேண்டும். முதல் இரவு ஏழு வளை அடைத்தேன். காலையில் பள்ளியில் பேனா பிடித்தபோது நகத்துக்குள் சேறு காய்ந்திருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் வாய்க்கால் வறண்டது. வடகிழக்குப் பருவமழையும் வரவில்லை. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது என்பது பிறகு வந்த கணக்கு. அப்போது எங்களுக்கு அது தினமும் வானத்தைப் பார்ப்பதாக மட்டும்தான் இருந்தது.

நடுவில் களையெடுப்பு. நேரடி விதைப்பில் களை அதிகம். பதினோரு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய், மொத்தம் 3,960. களையெடுப்பின் முதல் நாள் நவம்பர் 8. அன்று இரவுதான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் பணம் கூட்டுறவுச் சங்கக் கணக்கில் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. ஆள் கூட்டி வந்த பெரியம்மாவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவர். வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பேச்சு வரவில்லை. அவரே, "நோட்டுல பேரு எழுதி வச்சுக்க தம்பி, மறக்காம" என்றார். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு பெயரையும் எழுதினேன்.

இனி நான் செய்த தப்பு. நவம்பர் கடைசியில் பயிர் சுருள ஆரம்பித்தது. உச்சி வெயிலில் இலை ஊசியாகச் சுருண்டுகொள்ளும். முதலில் மாலையில் விரியும், பிறகு மாலையிலும் விரியாது. மேட்டு வயலில் பாளம் வெடித்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கட்டிலிலிருந்து கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எதுவரைக்கும் வந்துருக்கு?" படுத்த படுக்கையாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? "பெரிய வாய்க்கால்ல வந்துருச்சுப்பா, நாளைக்கு நமக்கு மடை" என்றேன். மறுநாளும் அதையே வேறு மாதிரி சொன்னேன். நான்கு நாள் இப்படியே ஓடியது.

ஐந்தாம் நாள் அப்பா கேள்வி கேட்கவில்லை. "காலைக் காட்டு" என்றார். காட்டினேன். முழங்கால் வரைக்கும் வெள்ளைப் புழுதி. குதிகாலில் வெடிப்பு. தண்ணீர் பாயும் வயலுக்குப் போய் வந்த கால் அப்படி இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "பயிரு காஞ்சா காஞ்சுட்டுப் போவுதுடா. நீ உள்ளதச் சொல்லாட்டி நான் என்னத்த வச்சு யோசிக்கிறது? நாலு நாளு போச்சே" என்று மட்டும் சொன்னார்.

அந்த நான்கு நாள் உண்மையிலேயே போய்விட்டது. முன்னமே தெரிந்திருந்தால் குட்டைத் தண்ணீரில் இன்னும் ஒரு மாவாவது தப்பியிருக்கும். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேலையையும் நான் பிடுங்கியிருந்தேன். என்னை மாற்றியது எது என்று கேட்டால் மண்வெட்டி பிடித்ததைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. தாழ்வான பள்ளக்காலில் இரண்டு மா மட்டும், குட்டையில் கிடந்த தண்ணீரை ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பது. மற்ற ஏழு மாவை மாடு மேய விட்டுவிடுவது. "மாட்ட உட்ரு" என்று சொல்லும்போது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டீசலுக்குக் காசு வேண்டும். டிசம்பரில் சங்கத்தில் கொஞ்சம் பணம் கிடைத்தது, ஆனால் அது கூலிக் காசு. திரும்பவும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இந்த முறை நேராகவே சொன்னேன்: பணம் வந்திருக்கிறது, அதை டீசலுக்குப் போடட்டுமா, வேண்டாமென்றால் இப்போதே தருகிறேன். அவர் மற்றவர்களிடம் பேசிவிட்டு மறுநாள் சொன்னார்: "போடு தம்பி. அந்தப் பயிருல எங்க கையும் இருக்குல்ல." அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய அந்தக் காசு எவ்வளவு தேவை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையை இன்றுவரை சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு மாவில் ஐந்து மூட்டை கிடைத்தது. கொள்முதலுக்குப் போடவில்லை, வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டோம். 2017 ஜனவரி 10-ல் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். அது கைக்கு வரும்வரை காத்திருக்க அப்பாவுக்கு மனமில்லை. பொங்கலுக்கு முன்னால் காளைக்கன்றை விற்று, கூலியை என்னிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்தேன்.

உங்கள் பையனையோ பெண்ணையோ வயலுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. அப்பா படுத்திருந்த அந்த நிலையிலும் என்னை மருந்து அடிக்க விடவில்லை; ஸ்பிரேயரைத் தொட்டால் உதைப்பேன் என்றார். பரீட்சை நாளில் வயலுக்கு விடவில்லை. ஆள் இல்லாத வீட்டில் இந்த இரண்டையும் கடைப்பிடிப்பது சுலபமில்லை. அதைச் செய்தவர் அவர் என்பதால்தான் இதை என்னால் நிம்மதியாக எழுத முடிகிறது.

பதினோரு பேரில் ஒரு அக்கா மட்டும் பொங்கலுக்கு முன்பே திருப்பூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அவருடைய 360 ரூபாயை அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருந்தேன். சித்திரையில் ஊருக்கு வந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இந்த வருஷமாச்சும் தண்ணி வருமா தம்பி? வந்தா நான் இங்கயே இருந்துருவேன்" என்றார்.

"தெரியலக்கா" என்றேன்.

அந்த வருஷம் மேட்டூரை அக்டோபர் 2-ல் திறந்தார்கள். அக்கா அதற்குள் திருப்பூருக்குத் திரும்பியிருந்தார்.