வெளிநாட்டில் ஒரு ஒதுங்கிய தீவில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. போவது பிரயோசனமா?

"ஒதுங்கிய தீவு" என்ற சொல்லைக் கண்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பிறந்தது நெடுந்தீவில். குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். நீங்கள் யாழ்ப்பாணப் பக்கம், கடைசி வருடம், வீட்டில் "ரெண்டு மாதம் அங்க போய் என்ன செய்யப்போறாய்" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையென்றால் மன்னியுங்கள்.

விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, 2023 இல், மாலைதீவின் பா அடோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் தரவந்தூ என்ற தீவில் எட்டுக் கிழமை பயிற்சி செய்தேன். "மாலைதீவு தேனிலவுக்குப் போற இடமெல்லோ" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அண்ணை, விடுதித் தீவு வேறு, ஊர்த் தீவு வேறு. அந்த நாட்டின் ஏறக்குறைய 1,200 தீவுகளில் 200 வரையில்தான் சனம் இருக்கிறது. தரவந்தூவில் சின்ன விமானத் தளமும் உண்டு, மறைக்கவில்லை. என் கையிலிருந்த காசுக்குத் தலைநகர் மாலேயிலிருந்து வேகப்படகுதான், இரண்டரை மணித்தியாலம். டிக்கெட்டுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அதைப் பிறகு நான்தான் மீட்டேன், அதனால் அதைப் பற்றி யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

வேலை என்னவென்றால் திருக்கை எண்ணுவது. பக்கத்தில் ஹனிஃபாரு என்றொரு சின்னக் குடா இருக்கிறது. நாங்கள் சோளகம் என்கிற அதே தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மிதவை உயிரிகள் நீரோட்டத்தோடு வந்து அதற்குள் அடைபடும். அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். சிலநாள் நூறுக்கு மேலேயும் வரும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கரும்புள்ளிகள் உண்டு, எங்கள் கைரேகை மாதிரி. ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. கீழே போய் வயிற்றைப் படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது யார் என்று பதிய வேண்டும். 2011 இலிருந்து அந்த அடோல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். குடாவுக்குள் காற்றுத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கவே விடமாட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இங்கேதான் என் மானம் போனது. முதல்நாள் நீச்சல் சோதனை. எனக்கு நீந்தத் தெரியாது.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் பெடியள் துறையில் குதிப்பார்கள், பெட்டைகள் சட்டை நனையாமல் கரையில் நிற்க வேண்டும். 1985 இல் குமுதினிப் படகில் போன எங்கள் ஊர்ச் சனத்தைப் படுகொலை செய்ததற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலைப் பற்றி யாரும் விளையாட்டாகக்கூடப் பேசியதில்லை. விண்ணப்பத்தில் "நீந்துவேன்" என்று நான் எழுதியது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். "தீவிலிருந்து வந்த பிள்ளைதானே" என்று அவர்களும் நம்பிவிட்டார்கள். இருபது மீற்றர் போகவில்லை, உப்புத்தண்ணி குடித்துப் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூட அவிழ்க்காமல் இருந்தேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டு அக்காதான் அடுத்தநாள் விடியப்புறம் கதவைத் தட்டினார். அவர் தலைத்துணியோடு, முழுக்கைச் சட்டையோடு தண்ணிக்குள் இறங்கினார். நானும் லெக்கிங்ஸும் நீளச் சட்டையுமாக இறங்கினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் திவெஹி தெரியாது. என் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அண்ணாந்து படுக்கச் செய்வார். நான் கழுத்தை விறைத்தால் விரலால் இரண்டு தட்டு, இளக்கு என்று அர்த்தம். ஐந்தாம் நாள் அந்தக் கை இல்லாதது தெரியாமலே மிதந்துகொண்டிருந்தேன். மூன்றாம் கிழமை சோதனையில் தேறினேன். அதுவரை கணினியில் மற்றவர்கள் எடுத்த வயிற்றுப் படங்களை ஒப்பிட்டேன். அந்த வேலையும் வேலைதான்.

ஊருக்கு ஃபோனில் சொன்னபோது அம்மம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அவ்வளவு பெரிய திருக்கையை வறை வறுத்தா எத்தனை பேருக்குக் காணும்?"

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக்கு எந்த விசா என்று அவர்களிடமே கேளுங்கள், சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். உங்களிடமே பெருந்தொகை கேட்டால் இரண்டுதரம் யோசியுங்கள். நீச்சல் பற்றிப் பொய் எழுதாதீர்கள். தனிமை, சலிப்பு எல்லாம் இரண்டாம் கிழமையோடு பழகிவிடும்.

எனக்குப் பழகாதது வேறொன்று. அங்கே தீவில் வேலை செய்தேன் என்றால் யாழ்ப்பாணத்தில் "ஆ, அப்பிடியே!" என்று கதிரையை இழுத்துப் போடுகிறார்கள். அதே நான் பள்ளிக்கூட விடுதியில் ஏழு வருடம் "தீவார்". எங்கள் ஊருக்கு நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் பலர் வந்த அன்றே மாற்றல் கடிதம் எழுதியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கஷ்டப் பிரதேசம் என்று பெயர் வைத்தது அவர்களுடைய கஷ்டத்துக்காம். மாலேயில் 1658 இல் பவளக்கல்லால் கட்டிய பள்ளிவாசலை ஆட்கள் நாடு நாடாக வந்து பார்க்கிறார்கள். எங்கள் வளவு மதிலும் பவளக்கல்தான். எல்லா ஆசிரியரையும் சொல்லவில்லை, எனக்கு விலங்கியலில் ஆசை வந்ததே படகில் வாந்தி எடுத்தபடி ஐந்து வருடம் வந்துபோன ஒரு ரீச்சரால்தான்.

திரும்பி வந்த நாள் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, குறிகாட்டுவானில் இறங்கினால், காற்று கடுமை, படகு இல்லை. பெட்டியின்மேல் மூன்று மணித்தியாலம் இருந்தேன். பக்கத்தில் மீன்பெட்டியோடு நின்ற ஐயா எங்கேயிருந்து வாறாய் பிள்ளை என்றார். மாலைதீவு என்றேன்.

"அங்க படகு ஓடுதோ?"

"ஓடுது ஐயா."