சிரிப்பு வருவது வேகத்தால்

நீங்கள் பார்த்த மௌனப்படத்தில், சூதாட்டத்தை விட்டவர் மறுபடி குதிரைப் பந்தயத்துக்குப் போகலாமா என்று தவிக்கும் காட்சியில் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடிகரைக் குறை சொல்லாதீர்கள், நண்பரே. மௌனப்பட காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் கையால்தான் சுற்றினார்கள்; நொடிக்குச் சுமார் 16 முதல் 20 பிரேம் (தனித்தனிப் படம்), ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் பிரதி நொடிக்கு 24 பிரேமில் ஓடுகிறது போல. 16-இல் எடுத்த 1,000 அடிச் சுருள் (35 எம்எம்) 16 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும். 24-இல் 11 நிமிடத்திலேயே முடிந்துவிடும். பாவம், மனுஷன் பணத்தை எடுப்பதும் வைப்பதுமாகத் தயங்குவது வெட்டுக்கிளி துள்ளல் ஆகிவிடுகிறது! கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் வேகத்தை 0.67 ஆக்கிப் பாருங்கள். படம் இழுவையாகத் தெரிந்தால் 0.75, 0.8 என்று ஏற்றுங்கள். சரியான வேகத்துக்கு அளவுகோல் குதிரைகள் அல்ல, சும்மா நடந்துபோகிறவர்களின் நடை. பின்னணி இசையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து இழுக்கும்.