8 பிள்ளைகளே இருக்கும் அங்கன்வாடியில் மகளைச் சேர்க்கலாமா?

ஊர் அங்கன்வாடியில் மொத்தமே 8 பிள்ளைகள், மூன்றரை வயது மகளை அங்கே விட்டால் பின்தங்கிவிடுவாளா, இங்கிலீஷ் நர்சரிக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது, சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், அதுதான் உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். கள்ளு வண்டி ஓட்டுகிறேன். மூத்தவனை 2022 ஜூனில் அங்கன்வாடியில் விட்டேன். அவனையும் சேர்த்து 7 பேர்.

அந்த வருஷம் மச்சான் வீட்டில் ஒரு விசேஷம். அவர் பையனுக்கும் இவனுக்கும் ஒரே வயது. அவனை நாற்காலி மேல் ஏற்றிவிட்டார்கள். ஏ முதல் இசட் வரை மூச்சு விடாமல் சொன்னான், ஒரே கைதட்டல். "மாப்ளே, உங்க பையன் என்ன சொல்லுவான்?" என்றார் மச்சான். இவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மலையாளத்தில் தவளைப் பாட்டு ஒன்றைப் பாடி இரண்டு தரம் குதித்தான். "கஞ்சி ஊத்தற எடத்துல வேற என்ன வரும்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பைக்கில் வீடு வரும் வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை, பையனை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். டீச்சர் அதைக் கேட்கும் முன்பே, "நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். பையன் தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையை வரிசை கட்டிக்கொண்டிருந்தான். அவர் ஒரு டம்ளரும் கரண்டியும் எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய், வலது காதுப் பக்கம் மெதுவாகத் தட்டினார். அவன் கொட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தான். இடது பக்கம் தட்டினார், உடனே திரும்பினான். வீட்டில் நான், மனைவி, எங்கம்மா என்று மூன்று பேர் இருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு 2 தடவை சுகாதாரத் துறையிலிருந்து வந்து பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் 2013 முதல் இருக்கிறது. அடுத்த முறை வந்த நர்ஸிடம் டீச்சரே சொல்லிச் சீட்டு வாங்கித் தந்தார். அடிக்கடி சளி பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்ததாம். சில மாதத்தில் சரியாகிவிட்டது. முப்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதைக் கவனித்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். கவனித்திருக்கலாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அதற்காக அங்கன்வாடி எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அப்போது பாலும் முட்டையும் வாரம் 2 நாள் வீதம்தான், மற்ற நாளில் உப்புமாவைப் பார்த்து ஓடிவிடுவான். 2025-ல் ஒரு சின்னப் பையன் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட வீடியோ பரவி, கேரள அரசு சாப்பாட்டுப் பட்டியலையே மாற்றியது. எங்கள் மூத்தவனுக்கு அந்த யோகம் இல்லை.

பாஷையும் கொஞ்சம் குழம்பும். ஒரு நாள் அவன் மலையாளத்தில் தண்ணீர் கேட்பதுபோல் "வெள்ளம் வேணும்" என்று கேட்க, எங்கம்மா பதறிப்போய் "வாயக் கழுவுடா, வெள்ளம் வந்தா ஊரே போயிரும்" என்றார். உண்மையில் எங்கள் பக்கம் வெள்ளமும் இல்லை, தண்ணீரும் இல்லை. தமிழ்நாடும் கேரளாவும் 1970-ல் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் தாலுகாவான சித்தூருக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அது வரவேண்டிய நேரத்தில் வருகிறதா என்று எங்கள் தென்னையைக் கேளுங்கள். தமிழன் என்று இங்கே சொல்கிறார்கள், கேரளாக்காரன் என்று பொள்ளாச்சியில் சொல்கிறார்கள், மோட்டார் மட்டும் காற்றை இறைக்கிறது. சரி, நீங்கள் கேட்டது அது இல்லை.

பையன் இப்போது தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் படிக்கிறான். முதல் ரேங்க் எல்லாம் கிடையாது. பஸ் போர்டை இரண்டு பாஷையிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். மச்சான் மகனும் நன்றாகத்தான் படிக்கிறான், பொய் சொல்லக் கூடாது.

எண்ணிக்கை பற்றி ஒன்று. நீங்கள் பார்த்த 8, பாயில் உட்கார்ந்திருக்கும் தலைகள் மட்டும். 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அமிர்தம் பொடி என்ற சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் என்று எல்லாரும் அந்த டீச்சர் கணக்கில்தான். பாயில் தலை குறைந்தால் சென்டரையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். மேலிடத்திலிருந்து ஆள் வரும் நாளில் காலையிலேயே போன் வரும். ஒரு தடவை காய்ச்சல் விட்டு ஒரே நாள் ஆகியிருந்தது, இருந்தும் சட்டை மாற்றிக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தப்புதான். ஆனால் பையன் காதைக் கண்டுபிடித்துச் சொன்னவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நாள் பகல் 12 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். என்ன சாப்பாடு, எடை எழுதும் நோட்டில் கடைசியாக எப்போது எழுதியிருக்கிறார்கள், டீச்சருக்குப் பிள்ளைகள் பெயர் எல்லாம் வாயில் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

போன வாரம் டீச்சரை ரேஷன் கடையில் பார்த்தேன். "ரெண்டாமவனுக்கு எப்ப மூணு வயசு திகையுது?" என்றார். நவம்பரில் என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.