ஆர்.வி.யில் கிளம்பும் முன்: இணையத்தைவிட முகவரிதான் சிக்கல்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். நியூஜெர்சி வீட்டை விற்றுவிட்டு, ஓரிரு ஆண்டு ஆர்.வி.யிலேயே (வீடாகவே வாழக்கூடிய வண்டி) அமெரிக்காவைச் சுற்றுவதாக முடிவு. கோவையில் அம்மாவுக்கு 86 வயது; தினமும் வீடியோவில் எங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் தவித்துப்போவார். முகாம்களில் வைஃபை இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா? அல்லது செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் வாங்கிவிட்டால் கவலை விட்டதா?

பதில்: வைஃபை போதாது. ஸ்டார்லிங்க் வாங்கினால் பாதிக் கவலை விடும்.

முகாம் வைஃபை தெருக்குழாய் மாதிரி. மாலையில் எல்லா வண்டிக்காரர்களும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்து நிற்பார்கள். மின்னஞ்சல் பார்க்கலாம், அம்மாவோடு வீடியோவில் பேச அதை நம்பாதீர்கள். தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் அந்தக் குழாயும் கிடையாது.

முதலில் கைபேசியைச் சரிசெய்யுங்கள். உங்கள் இருவரின் இணைப்பும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் டவர்களில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணவரிடம் வெரைசன், மனைவியிடம் மலிவாகக் கிடைத்த விசிபிள். இரண்டும் ஓடுவது ஒரே வெரைசன் டவரில். கிரிக்கெட் நிறுவன இணைப்பு என்றால் அது ஏடி அண்ட் டி. மின்ட் என்றால் டி-மொபைல். ஒரே கிணற்றில் இரண்டு வாளி விட்டுப் பயனில்லை. ஒருவர் வெரைசன் வைத்திருந்தால் மற்றவர் டி-மொபைலோ ஏடி அண்ட் டியோ எடுங்கள். போகும் இடத்தில் எது எடுக்கும் என்பதை அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் வரைபடத்தில் ஓரளவு பார்க்கலாம். அதைவிட, முகாம்களை மதிப்பிடும் கேம்பெண்டியம் தளத்தில், அந்த முகாமிலேயே தங்கியவர்கள் நிறுவனவாரியாக எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை நான் அதிகம் நம்புவேன்.

‘அன்லிமிடெட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் கைபேசிக்குத்தான். கைபேசியிலிருந்து மற்றக் கருவிகளுக்கு இணையம் தரும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு வைத்திருப்பார்கள். அது தீர்ந்ததும் வேகம் படுத்துவிடும். எச்.டி. தரத்தில் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை போகும். கையெழுத்துப் போடும் முன் ஹாட்ஸ்பாட் வரம்பைச் சொல்லும் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

சிக்னல் கோடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்றொரு சிறிய பாலைவன ஊர். ஜனவரி வந்தால் ஆர்.வி.க்கள் திருவிழாக் கூட்டமாக அங்கே இறங்கும். நான்கு கோடும் நிற்கும், ஒரு படம் நகராது. டவர் இருக்கிறது, ஆனால் அதில் இடமில்லை. பூஸ்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பூஸ்டர் இருக்கும் சிக்னலைப் பெருக்குமே தவிர, நெரிசலைக் குறைக்காது. இப்போதைக்கு அந்தக் காசு கையிலேயே இருக்கட்டும்.

டவரே இல்லாத இடத்துக்குத்தான் ஸ்டார்லிங்க். நெவாடாவின் யு.எஸ். 50 சாலையில் ஆஸ்டின், யுரேகா, ஈலி என்று ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் வரைக்கும் வெறும் மலையும் புதரும்தான். அங்கே அது தெய்வம். வானம் தெரியாத மரத்தடியில் அதே கருவி வெறும் தட்டு. கொலராடோவில் ஒரு முறை, வெயிலுக்குப் பயந்து பைன் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். சில நிமிடத்துக்கு ஒரு முறை தொடர்பு அறுந்தது. அக்கா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். கடைசியில் அஞ்சறைப் பெட்டியின் மேல் கைபேசியைச் சாய்த்துவைத்து, ஜன்னலோரம் கிடைத்த ஒற்றைக் கோட்டில்தான் பேசி முடித்தேன். மறுநாள் அந்தத் தட்டை வண்டிக் கூரையிலிருந்து கழற்றி, 15 மீட்டர் கம்பியோடு வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு ஒரு தொல்லையும் இல்லை. அதனால் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுள்ள ‘மினி’ உங்களுக்குப் போதும். அது 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது என்றால், நாள் முழுவதும் ஓடவிட்டால் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

கைபேசியில் வைஃபை காலிங்கை (வைஃபை வழியாகவே அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும் வசதி) இயக்கிவையுங்கள். டவர் இல்லாத இடத்திலும் வங்கியின் ஓ.டி.பி. ஸ்டார்லிங்க் வழியாக வந்து சேரும். ஆனால் அதில் அவசர உதவிக்கு 911 அழைத்தால், நீங்கள் பதிந்துவைத்த முகவரிக்கே உதவி போய்விடக்கூடும். விற்றுவிட்ட நியூஜெர்சி வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கக் கூடாது அல்லவா? தங்கும் இடம் மாறும்போது அதையும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது தபால். இணையத்துக்குக் காசு கொடுத்தால் வழி பிறக்கும், முகவரி அப்படியல்ல. வீட்டை விற்ற மறுநாளே ஓட்டுநர் உரிமம், வண்டிக் காப்பீடு, வரி, வங்கி எல்லாம் ‘எங்கே குடியிருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். முழுநேரப் பயணிகள் பெரும்பாலும் டெக்சாஸ், தெற்கு டகோட்டா, புளோரிடா மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் உண்டு. 1978 முதல் இயங்கும், ஆர்.வி. பயணிகளின் எஸ்கேப்பீஸ் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனிலிருந்து இதைச் செய்கிறது. இத்தகைய நிறுவனம் உங்கள் தபாலை வாங்க வேண்டுமானால் தபால் துறையின் 1583 படிவத்தை நோட்டரி முன்போ அந்த நிறுவனத்தார் முன்போ கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதை வீட்டில் மேசை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சில வங்கிகள் இந்த முகவரியைக் குடியிருப்பாக ஏற்காமல் அடம்பிடிக்கும். நெருங்கிய உறவினர் வீட்டு முகவரியை அதற்குத் தரலாமா என்று வங்கியிடமே முன்கூட்டிக் கேளுங்கள். மெடிகேர் அட்வான்டேஜ் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால், மாநிலம் மாறும் முன் அதையும் விசாரியுங்கள். அதன் மருத்துவர் வட்டம் பெரும்பாலும் ஊரோடு கட்டுண்டது.

வழியில் மருந்தோ கடிதமோ வர வேண்டுமென்றால் சிறிய ஊர்த் தபால் நிலையத்துக்கு ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 30 நாள் வரை வைத்திருப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு ஒரு நேரத்தைக் குறித்துக்கொடுங்கள். அரிசோனாவில் காலை ஏழு என்றால் கோவையில் இரவு ஏழரை. அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடையிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஹவாயைத் தவிர மற்ற மாநிலங்களில் மாறும். எந்த வாரம் மலைப்பகுதியில் இருப்பீர்கள், எத்தனை நாள் பேச்சு இருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். நெருங்கிய உறவினர் ஒருவரிடம், ‘இரண்டு நாள் தகவல் இல்லையென்றால் இந்த முகாமுக்குக் கூப்பிடு’ என்று எண்ணோடு எழுதிக்கொடுங்கள். ஆபத்துக்கு ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் செயற்கைக்கோள் வழி எஸ்.ஓ.எஸ். இருக்கிறது. ஒரு முறை அதன் செயல்விளக்கத்தை ஓட்டிப் பாருங்கள்.

வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் மூன்று நாள் பைன் பேரன்ஸ் காட்டுக்குள் போய் முகாமிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை, மரங்களும் அடர்த்தி. அங்கிருந்தே அம்மாவோடு பேசுங்கள், வங்கிக் கணக்கைத் திறந்து ஓ.டி.பி. வருகிறதா பாருங்கள். எது நடக்கவில்லையோ அதற்கு மட்டும் கருவி வாங்குங்கள்.