மடிக்கணினிக்குக் கூடுதல் ரேம் தேவையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மடிக்கணினியை வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. சில மாதங்களாக மிகவும் மந்தமாக இயங்குகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பெரிதாக எதையும் திறக்காத நிலையிலேயே மெமரி 60 சதவீதம் என்று காட்டுகிறது. பழுது பார்ப்பவர் 16 ஜிபியாக உயர்த்தச் சொல்கிறார். உயர்த்தலாமா?

பதில்: அந்த 60 சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். திறந்திருக்கும் மென்பொருள்கள் தங்கள் தரவுகளைத் தற்காலிகமாக வைத்து வேலை செய்யும் இடம்தான் ரேம். இடம் இருக்கும் வரையில் இயங்குதளமும் பிரவுசரும் ரேமைத் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். அதே மென்பொருள்கள் 16 ஜிபி உள்ள கணினியில் இன்னும் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதையும் பார்க்கலாம். ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட, கணினி தடுமாறும் அந்த நேரத்தில் ரேம் போதாமல் போகிறதா என்பதே நீங்கள் கண்டறிய வேண்டியது.

ரேம் போதாதபோது விண்டோஸ் முதலில் உள்ளிருக்கும் தரவுகளைச் சுருக்கி இடம் தேடும். அதுவும் பற்றாதபோது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை கோப்புகளை நிரந்தரமாகச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இதற்கென்றே உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு மாற்றிவிட்டு, மீண்டும் கேட்கும்போது அங்கிருந்து எடுத்து வரும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி போதும். எஸ்எஸ்டிக்கு அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நேரமும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு ஏறத்தாழ லட்சம் மடங்கு நேரமும் ஆகும். ரேம் பற்றாக்குறையின் அடையாளமே இந்தப் போக்குவரத்துதான். கணக்குத் தாளில் வேலை செய்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு முன் திறந்த பிரவுசர் பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள். பக்கம் வெள்ளையாக நிற்கிறது, சுட்டி அசைகிறது, அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, மூன்று நான்கு நொடி கழித்து எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்கிறது. இப்படி நடந்தால் ரேமைச் சந்தேகிப்பது நியாயம்.

சோதிக்க ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வேலை மிக அதிகமாக இருக்கும் நாளில் எவையெல்லாம் திறந்திருக்குமோ, அவை அனைத்தையும் திறந்து அரை மணி நேரம் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். தடுமாற்றம் தொடங்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்தால் ‘அவைலபிள்’ என்ற எண் தெரியும். பிறகு தேவைப்படலாம் என்று கேச் ஆக வைத்திருக்கும் பகுதியும் இதில் அடங்கும். தேவைப்பட்டால் அதைக் கணினி உடனே விடுவித்துவிடும் என்பதால், உண்மையில் கைவசம் உள்ள இடம் இதுதான். அதிகபட்ச வேலையிலும் இது 2 ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் புதிய ரேம் உங்களுக்குப் பெரிதாக உதவாது என்பது என் கணக்கு. சில நூறு எம்பிக்குச் சுருங்கி, அதே நேரத்தில் டிஸ்க் பயன்பாடும் உயர்ந்து நின்றால், பழுது பார்ப்பவர் சொன்னது சரி. இன்னும் உறுதி வேண்டுமானால், விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைப் பாருங்கள். ரேமில் இல்லாத தகவலுக்காகக் கணினி எத்தனை முறை டிஸ்குக்குப் போகிறது என்பதை அது காட்டும். ஒரு மென்பொருளைத் திறக்கும்போது அது ஒருமுறை எகிறுவது இயல்பு. எதையும் புதிதாகத் திறக்காதபோதும் நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

மந்தம் எல்லாமே ரேமால் வருவதில்லை. ஒருமுறை நானே சோதிக்காமல் ரேமை இரட்டிப்பாக்கிவிட்டு, எந்த மாற்றமும் தெரியாமல் விழித்திருக்கிறேன். பின்பக்க மூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. சூட்டைக் குறைப்பதற்காகப் பிராசசர் தன் வேகத்தைத் தானே பாதியாக்கிக்கொண்டிருந்தது. ரேமுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உங்கள் கணினியும் தொடக்கத்தில் நன்றாக இயங்கி, பத்து நிமிடம் கழித்து விசிறி இரைச்சலுடன் மந்தமானால், முதலில் தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். தொடங்கும்போது மட்டும் தாமதம் என்றால், தானாகத் தொடங்கும் மென்பொருள்களைக் குறையுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ளது 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்கும் கொண்ட பழைய மடிக்கணினி. இரண்டில் ஒன்றை மட்டுமே இப்போது மாற்ற முடியும். எதை மாற்றுவது?

பதில்: ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துங்கள். கணினி தொடங்குவது, கோப்பு திறப்பது, ரேம் போதாமல் பேஜ் ஃபைலுக்குப் போவது என எல்லாவற்றிலும் வேறுபாடு தெரியும். ஆனால் 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் குறைந்தபட்ச அளவு மட்டுமே. வசதியாக வேலை செய்வதற்கான அளவு அன்று. ஆகவே ரேமும் அடுத்த தேவையாக வரிசையில் நிற்கும்.

செலவு செய்வதற்கு முன் உங்கள் பிராசசருக்கு விண்டோஸ் 11 ஆதரவு உண்டா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதியதற்கு மாற இயலாத கணினி என்றால், லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி எளிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ள நீங்கள் தயாராக இருந்தால் ஒழிய, இரண்டு பாகங்களையும் வாங்கிப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ரேம் தேவை என்பது உறுதியாகிவிட்டது. எந்த ரேமை வாங்குவது என்று எப்படி அறிவது?

பதில்: அதற்கும் முன்னால், உங்கள் மடிக்கணினியில் ரேமைக் கூட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். மெலிதான மாடல்கள் பலவற்றில் ரேம் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 போன்ற பெயர்கள் இருந்தால் பெரும்பாலும் அதுதான் நிலைமை. ஆப்பிள் 2020 முதல் தன் சொந்தச் சில்லுடன் வெளியிட்டுவரும் மேக்புக்குகளில் பின்னர் ரேம் கூட்ட வழியே இல்லை; அவற்றை வாங்கும்போதே தேவையான அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜர் ‘ஸ்லாட்ஸ்’ (ரேமைச் செருகும் இடங்கள்) என்று ஓர் எண்ணிக்கை காட்டும் என்றாலும், பற்றவைத்த சில்லுகளையும் அது சில நேரங்களில் ஸ்லாட்டாக எண்ணிவிடுவதால் அதை முழுமையாக நம்ப வேண்டாம். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையும், அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதும் இருக்கும். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரேமின் தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது. மடிக்கணினிகளுக்கான சோடிம் வகையில் இவற்றுக்கு முறையே 204, 260, 262 பின்கள். விளிம்பில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். உட்காராத ரேமை அழுத்தி உட்காரவைக்க முயன்றால் ஸ்லாட்தான் உடையும். வேகம் வேறுபட்டால் அவ்வளவு சிக்கல் இல்லை: 3200 வேக ரேமை 2666 வேக ரேமுடன் சேர்த்தால் வழக்கமாக இரண்டும் 2666இல் இயங்கும். எனவே பழையதைவிட வேகமானதைத் தேடி அதிகம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தால், இருக்கும் 8 ஜிபியுடன் அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பதே சிக்கனமும் பயனும் உள்ள வழி. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுப் பாதைகளான இரண்டு சேனல்களும் ஒன்றாக இயங்குவதால், தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் படக்காட்சி வேகமும் கொஞ்சம் கூடும். அலுவலகக் கோப்புகள், பிரவுசர், காணொளிக் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு 16 ஜிபி தாராளம். வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்களும் 32 ஜிபியை நினைத்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் எண்.

கேள்வி: 16 ஜிபி பொருத்திய பிறகும் 15.4 ஜிபிதான் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி தனக்கென்று சிறிது ரேமை ஒதுக்கிக்கொள்கிறது, குறைவது அதுதான். சில கணினிகளில் இது 2 ஜிபி வரைகூடப் போகும். ஆனால் 16க்கு 8 மட்டுமே தெரிந்தால் ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் ‘கிளிக்’ என்று பிடிக்க வேண்டும். டிடிஆர்5 ரேம் என்றால், மாற்றியபின் முதல்முறை தொடங்கும்போது கணினி ரேமைப் பரிசோதித்துத் தன் அமைப்புகளைச் சரிசெய்துகொள்ளும் வரை திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கக்கூடும். பதறிப்போய் அணைத்துவிட வேண்டாம்.