லோகோ வரையும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

நடுநிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். "பிடித்ததை வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தால், வகுப்பில் பாதிப் பேர் ஷூ, செல்போன், கார் கம்பெனிகளின் லோகோவை வரைந்து நீட்டுகிறார்கள். மரத்தையோ முகத்தையோ காணோம். விளம்பரம் இவர்களுடைய கற்பனையைத் தின்றுவிட்டது என்றே நினைக்கிறேன். வகுப்பில் லோகோ வரையக்கூடாது என்று சொல்லிவிடலாமா? ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தடை வேண்டாம். போட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைவார்கள். உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

கற்பனையைத் தின்றுவிட்டது என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறர் படத்தைப் பார்த்து வரைவது பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டைக் கெடுக்கும் என்ற கருத்து கலைக் கல்வியில் நெடுங்காலம் கோலோச்சியது. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் அதன் பெரிய குரல். 1977இல் பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற கலைக் கல்வி ஆய்வாளர்கள் இருவரும் அதை மறுத்து எழுதினார்கள். இளம் வயதினரின் படங்களைத் துருவிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காமிக்ஸ், டிவி, வேறு யாரோ வரைந்த படம் என்று ஒரு மூலம் இருக்கிறது என்றார்கள். நீங்கள் காணவில்லை என்று வருந்தும் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு தூண், அதன் மேல் பச்சை மேகம். அப்படி ஒரு மரத்தை எந்தப் பிள்ளையும் நேரில் பார்த்ததில்லை. இரண்டு மலைக்கு நடுவில் எட்டிப் பார்க்கும் சூரியனும் அப்படித்தான். அதுவும் நகல்தான், கம்பெனிப் பெயர் இல்லாத நகல்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லோகோவை அடையாளம் தெரிந்துகொள்கிறோம், பார்ப்பதில்லை. 2015இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் லோகோவை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிழையில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். வரைய வேண்டாம், பல படங்களில் சரியானதைக் காட்டினால் போதும் என்றபோதும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அந்தக் கம்பெனிப் பொருளையே கையில் வைத்திருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று: வரைவதற்கு முன்னால் கேட்டபோது 'நன்றாகத் தெரியும்' என்ற தன்னம்பிக்கை அதிகமாக இருந்தது, வரைந்த பிறகு கேட்டபோது குறைந்துவிட்டது. தெரியும் என்று நினைத்தது தெரியாது என்பதைப் பென்சில் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஓவிய வகுப்புக்கு இதைவிட நல்ல வேலை என்ன வேண்டும்?

அதனால் லோகோவை நீங்களே வகுப்புக்குள் கொண்டு வாருங்கள். முதல் தாளில் அந்தக் கடித்த ஆப்பிளை நினைவிலிருந்து வரையட்டும், ரப்பர் இல்லாமல். அப்புறம் அசலைக் காட்டுங்கள். கடி எந்தப் பக்கம்? இலை எந்தப் பக்கம் சாய்கிறது, பழத்தைத் தொடுகிறதா? அடிப்பகுதி வழவழவென்று உருண்டிருக்கிறதா, நடுவில் உள்வாங்கியிருக்கிறதா? இரண்டாவது தாளில் அசலைப் பார்த்து வரையட்டும். பிறகு கடியை எடுத்துவிட்டு, அதையே நகத்தளவு சிறியதாக வரையச் சொல்லுங்கள். செர்ரிப் பழம் மாதிரி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 1977இல் அந்த லோகோவை வடிவமைத்த ராப் ஜனாஃப் கடியை வைத்ததற்குச் சொன்ன காரணமே அதுதான்.

பெடெக்ஸ் (FedEx) என்ற கூரியர் கம்பெனியின் லோகோவில் இன்னொரு பயிற்சி இருக்கிறது. 1994இல் வந்தது அது. அதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டான E, x இவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடம் வலப்பக்கம் பாயும் அம்பு. எழுத்துகளை விட்டுவிட்டு அந்த இடைவெளியை மட்டும் வரையச் சொல்லுங்கள். பொருளை விட்டு அதைச் சுற்றியுள்ள வெளியை வரைவது ஓவியப் பள்ளிகளின் பழைய பயிற்சி. நாற்காலியை வைத்துச் செய்வார்கள். பிள்ளைகளுக்கு நாற்காலி சலிக்கும், இது சலிக்காது.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லோகோ பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து விழுந்தது மாதிரித் தெரிகிறது. அதை ஒருவர் உட்கார்ந்து வரைந்தார், கூலி வாங்கினார் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஷூ கம்பெனி நைக்கியின் லோகோவான அந்த வளைவை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற டிசைன் மாணவி, அப்போது அவருக்குக் கிடைத்தது 35 டாலர் என்று வகுப்பில் சொல்லுங்கள். கேள்விகள் தானாக வரும். விளம்பரத்தைத் திட்டிப் பாடம் எடுப்பதைவிட இது பலன் தரும்.

ஓவிய வகுப்பில் வணிகம் நுழைவது புதிதும் இல்லை. 1870இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டு ஓவியப் பாடத்தைப் பள்ளிகளுக்குள் கொண்டு வந்தது. அதற்காக மனுக் கொடுத்தவர்களில் ஆலை முதலாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு டிசைன் போடத் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன.

மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் தாளுக்குப் போடாதீர்கள். அழகுக்கும் போடாதீர்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பிள்ளையே மூன்று வரி எழுதட்டும், அதற்குப் போடுங்கள். தாள்களைத் தேதி போட்டு வைத்திருந்தால் ஆண்டு முடிவில் உங்களிடமே ஓர் ஆய்வுக்கான பொருள் இருக்கும். மரத்தை அப்புறம் எடுங்கள், இதே முறையில்: முதலில் நினைவிலிருந்து, பிறகு வெளியே போய்.